தட்டை மேகமும் 0.7-உம்: ஒரு பழைய ஆய்வுக்கட்டுரையை மறுபடி வாசித்தபோது

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கருத்தரங்கில் ஒரு கிராஃப் காட்டினேன். வட பசிபிக் கடலில் 50-லிருந்து 60 டிகிரி அட்சரேகை வரை உள்ள தாழ்மேகங்களின் தடிமன் மாதாமாதம் எப்படி மாறுகிறது என்பதுதான் அது. டேட்டா மோடிஸ் கருவியுடையது. கோடு அழகாக வளைந்து, கோடையில் இறங்கி, டிசம்பரில் உச்சத்துக்குப் போனது. குளிர்காலப் புயல்கள், கடலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் என்று காரணமும் தயாராக வைத்திருந்தேன். பேசி முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டிசம்பர்ல அங்க சூரியன் எவ்வளவு உயரத்துல இருக்குங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அறைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டேன். 55 டிகிரி வடக்கில், செயற்கைக்கோள் கடந்து போகும் நேரத்தில், டிசம்பர் கடைசியில் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 10 டிகிரிகூட இல்லை. ஜூனில் 50 டிகிரிக்கு மேல். என் கிராஃபில் உச்சமும் பள்ளமும் எங்கெங்கே இருந்தனவோ, சூரியனின் பள்ளமும் உச்சமும் சரியாக அங்கேயே இருந்தன. நான் காட்டியது மேகத்தின் பருவத்தையா, சூரியனின் சாய்வையா?

அந்தக் கேள்விதான் என்னை 1994-இல் வந்த ஒரு கட்டுரைக்குக் கொண்டுபோனது. ராபர்ட் காஹலான், வில்லியம் ரிட்ஜ்வே, வாரன் விஸ்கோம்ப், தாமஸ் பெல், ஜாக் ஸ்னைடர் ஆகிய ஐந்து பேர் எழுதியது. 'ஃபிராக்டல் ஸ்ட்ராட்டோகுமுலஸ் மேகங்களின் ஆல்பிடோ' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். (ஆல்பிடோ என்றால் விழுந்த வெயிலில் எவ்வளவு பங்கு திரும்பிப் போகிறது என்பது.) போன மாதம் அதை மூன்றாவது முறையாக முழுசாக வாசித்தேன். இது அந்தக் கட்டுரை மீதான விமர்சனம். கூடவே, அதை வைத்துக்கொண்டு நாங்களெல்லாம் என்ன செய்தோம் என்பதன் மீதும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். செயற்கைக்கோள் மேகத்தின் தடிமனை அளப்பதே இல்லை. அது அளப்பது ஒளியை. இவ்வளவு பிரகாசம் வர வேண்டுமானால் மேகம் எவ்வளவு தடிமனாக இருந்திருக்க வேண்டும் என்று நாம் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறோம். 1990-இல் நகாஜிமாவும் கிங்கும் தெளிவாக எழுதிவைத்த முறைதான் இன்றைக்கும் ஓடுகிறது. தண்ணீர் உறிஞ்சாத ஒரு அலைநீளத்தில், கடல்மேல் என்றால் 0.86 மைக்ரோமீட்டரில், மேகம் எவ்வளவு வெளுப்பாக இருக்கிறது என்று பார்த்தால் ஒளித்தடிமன் வரும். தண்ணீர் கொஞ்சம் உறிஞ்சுகிற 2.1 மைக்ரோமீட்டரில் பார்த்தால் துளியின் ஆரம் வரும், ஏனென்றால் பெரிய துளி அதிகம் உறிஞ்சி மங்கலாகத் தெரியும். இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த ஒரு பெரிய வாய்ப்பாட்டில் தேட வேண்டியதுதான்.

அந்த வாய்ப்பாட்டுக்குள் இருக்கும் மேகம் எப்படிப்பட்டது? தோசைக்கல் மாதிரி தட்டை. நாலாபக்கமும் முடிவில்லாமல் நீளும். உள்ளே எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி. ஓரம் கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, நிழலும் கிடையாது. அப்படி ஒரு மேகத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? விமான ஜன்னலிலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்தாலே போதும். இருந்தும் உலகம் முழுக்க இருக்கும் மேகத் தரவுகளின் அடியில் இந்தக் கற்பனை மேகம்தான் உட்கார்ந்திருக்கிறது.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்பதைக் காட்ட ஒரு சின்னக் கணக்கு போதும். மேகத்தின் ஆல்பிடோவைத் தோராயமாக, ஒளித்தடிமனை ஒளித்தடிமனோடு 13.3 கூட்டியதால் வகுத்தால் கிடைக்கும் எண் என்று எடுத்துக்கொள்ளலாம். (தரையோ கடலோ ஒளியைத் திருப்பவில்லை, துளிகள் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கின்றன என்று வைத்துக்கொண்டால் வரும் எளிய சூத்திரம் இது.) ஒளித்தடிமன் 20 என்றால் ஆல்பிடோ 0.6. இப்போது அதே தண்ணீரைச் சமமாக இல்லாமல் பிரிப்போம்: பாதி மேகத்துக்கு 38, மீதிப் பாதிக்கு 2. சராசரி அதே 20தான். ஆனால் தடிமனான பாதி 0.74 திருப்பும், மெல்லிய பாதி 0.13 மட்டும்தான். சராசரி 0.435. தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை, ஆனால் வெளுப்பு கால்பங்குக்கும் மேல் போய்விட்டது. தடிமன் கூடக் கூட, அடுத்து சேரும் தண்ணீர் தரும் கூடுதல் வெளுப்பு குறைந்துகொண்டே போவதுதான் காரணம். இதையே செயற்கைக்கோள் பக்கமிருந்து பாருங்கள். 0.435 என்று ஒளி வருகிறது, வாய்ப்பாட்டில் தேடுகிறோம், "ஒளித்தடிமன் 10" என்று பதில் வருகிறது. உண்மை 20. பாதி காணோம்!

நிஜ மேகங்கள் இவ்வளவு மோசமாகப் பிரிந்திருப்பதில்லை. எவ்வளவு பிரிந்திருக்கும் என்று அளந்து சொன்னதுதான் காஹலான் குழுவின் வேலை. 1987 ஜூலையில், கலிஃபோர்னியா கடற்கரைக்கு அப்பால் இருக்கும் சான் நிக்கலஸ் தீவில், மைக்ரோவேவ் ரேடியோமீட்டர் ஒன்றை வானத்தைப் பார்த்து வைத்திருந்தார்கள். மேலே மிதந்து போகும் மேகத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அது விடாமல் எழுதிக்கொண்டே இருந்தது. அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க அவர்கள் செய்த மாடல், நான் பார்த்த மாடல்களிலேயே எளிமையானவற்றில் ஒன்று. மேகத்தை இரண்டாக வெட்டு. நாணயம் சுண்டிப் பார்த்து, ஒரு பாதியின் தண்ணீரில் பாதியை மற்றதுக்கு மாற்று. 100 லிட்டர் என்றால் 50-50 ஆக இருந்தது 75-25 ஆகிவிடும். ஒவ்வொன்றையும் மறுபடி வெட்டு, இந்த முறை கொஞ்சம் குறைவாக, 40 சதவீதம் மாற்று. அடுத்து அதிலும் குறைவாக. இப்படியே போய்க்கொண்டிரு. ஒரு பேப்பரும் பென்சிலும் இருந்தால் பள்ளிப் பிள்ளைகூடச் செய்துவிடும். ஆனால் வருகிற மேகம், தண்ணீர் ஏற்றஇறக்கத்தின் அலைக்கற்றையில், தீவின் மேல் மிதந்துபோன நிஜ மேகத்தைப் போலவே இருக்கிறது.

இந்த எளிமைக்காகவே நான் இந்தக் கட்டுரையை மதிக்கிறேன். அது சொன்ன முடிவும் தைரியமானது: தட்டை மேகம் என்று நினைத்துக் கணக்குப் போட்டால், அந்த மேகங்களின் ஆல்பிடோவைச் சுமார் 15 சதவீதம் கூட்டிச் சொல்கிறோம். வானம் முழுக்க மூடியிருக்கிற, ஒரு ஓட்டைகூட இல்லாத மேகத்திலும் இந்தப் பிழை போகாது என்பதுதான் அதில் முக்கியம். அதுவரை பலரும், மேகத்துக்கு இடையில் இருக்கும் இடைவெளியைச் சரியாகக் கணக்கில் எடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டுரை ஒரு மாற்றுவழியும் சொன்னது: ஒளித்தடிமனை 0.7 ஆல் பெருக்கிவிட்டு, அப்புறம் தட்டை மேகக் கணக்கையே போடுங்கள், கிட்டத்தட்டச் சரியாக வரும்.

என் முதல் புகார் இந்த 0.7 பற்றி. கட்டுரையை எழுதியவர்கள் மேல் அல்ல, படித்தவர்கள் மேல். அது ஒரு தீவு. ஒரு கோடையில் சில வாரங்கள். ஒரே வகை மேகம். எழுதியவர்கள் இதை மறைக்கவே இல்லை. ஆனால் மாடல் எழுதுகிறவர்களுக்கு ஒற்றை எண் என்றால் வெல்லக்கட்டி மாதிரி. இரண்டே வருடத்தில், 1996-இல், ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை மையத்தின் மாடலில் டீட்கே அதைச் சேர்த்துவிட்டார். சான் நிக்கலஸ் தீவின் ஜூலை மாதம் உலகம் பூராவுக்கும் பொருந்துவதாக ஆகிவிட்டது. 2007-இல் அந்த மையம், மேகத்தின் சீரின்மையைச் சீட்டுக்குலுக்கல் முறையில் எடுத்துக்கொள்ளும் வேறொரு முறைக்கு மாறியது. நடுவில் பத்து வருடத்துக்கும் மேல். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு 0.7 மேல் என்று வாதிடலாம், அது சரியான வாதமும்கூட. ஆனால் ஒரு எண் எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோனால், அது தவறாகிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டாவது புகார் கட்டுரையின் மேலேயே. அதில் ஒவ்வொரு துண்டு மேகமும் தன் பக்கத்துத் துண்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தட்டைக் கணக்குப் போட்டு சராசரி எடுக்கிறார்கள். அதே வருடம் வந்த இன்னொரு கட்டுரையில், ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்து, மொத்தப் பரப்பின் சராசரிக்கு இந்தக் குறுக்குவழியால் சுமார் 1 சதவீதம்தான் வித்தியாசம் என்று காட்டினார்கள். ஸ்ட்ராட்டோகுமுலஸுக்கு அது உண்மை. ஆனால் "மொத்தப் பரப்பின் சராசரிக்கு" என்ற அந்த நிபந்தனை வழியில் எங்கோ உதிர்ந்துபோனது. செயற்கைக்கோள் சராசரியை அல்ல, ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. பிக்சல் அளவில் ஒளி பக்கவாட்டில் கசிகிறது. தடிமனான இடத்தில் நுழைந்த ஃபோட்டான் நாலு முறை மோதி, பக்கத்து மெல்லிய இடம் வழியாக வெளியே வரும். லேண்ட்சாட் படங்களில் சில நூறு மீட்டருக்குக் கீழே மேகம் நிஜத்தில் இருப்பதைவிட வழுவழுப்பாகத் தெரிவது இதனால்தான். பிக்சலைச் சின்னதாக்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தால் அது நடக்காது. சீரின்மைப் பிழை குறையக் குறைய கசிவுப் பிழை ஏறும்.

மேகத்துக்கு ஓரமும் சரிவும் உண்டு என்பதை டேட்டாவை வைத்தே காட்டியவர்கள் வார்னாயும் மார்ஷக்கும். 2002-இல் வந்த அவர்கள் வேலையை யாருக்கும் சிபாரிசு செய்வேன், அவ்வளவு சாமர்த்தியம். மோடிஸ் ஒளியை மட்டுமல்ல, 11 மைக்ரோமீட்டரில் வெப்பத்தையும் பார்க்கிறது. மேகத்தின் உச்சி உயர உயரக் குளிரும். ஆகவே ஒரு பிக்சலின் சூரியன் பக்கத்து அண்டை சூடாகவும் எதிர்ப்பக்கத்து அண்டை குளிராகவும் இருந்தால், அது சூரியனைப் பார்த்த சரிவு. நேர்மாறாக இருந்தால் நிழல் சரிவு. உலகத்தில் மேகங்கள் சூரியனைப் பார்த்து ஒருச்சாய்த்து வளர்வதில்லை. எனவே நிறைய மேகங்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பக்கச் சரிவுக்கும் ஒரே தடிமன்தான் வர வேண்டும். வரவில்லை. வெயில் பக்கம் தடிமனாகவும் நிழல் பக்கம் மெல்லியதாகவும் வந்தது. வாய்ப்பாட்டுக்கு நிழல் என்றால் என்னவென்று தெரியாது, மங்கலாக இருந்தால் மெல்லிய மேகம் என்றுதான் அது சொல்லும்.

இனி என் கிராஃபுக்கு வருகிறேன். 1996-இல் லோபும் டேவிஸும் செயற்கைக்கோள் தரவில் ஒரு எளிய சோதனை செய்திருந்தார்கள். நிறைய மேகங்களைச் சராசரி எடுத்தால், சூரியன் எங்கிருந்தாலும் ஒளித்தடிமன் ஒன்றாகத்தானே வர வேண்டும்? சூரியன் சாயச் சாய அது கூடிக்கொண்டே போனது, ரொம்பச் சாய்ந்தபோது இன்னும் வேகமாக. சாய்ந்த வெயில் மேகத்தின் மேடுகளில் பக்கவாட்டில் போய் மோதுகிறது; தட்டை மேகம் அந்தச் சாய்வில் திருப்ப முடியாத அளவு ஒளியை மேட்டு மேகம் மேல்நோக்கித் திருப்புகிறது; வாய்ப்பாடு அதைத் "தடிமன்" என்று மொழிபெயர்க்கிறது. 2014-இல் க்ராஸ்வெனரும் வுட்டும் மோடிஸ் தரவிலேயே, சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 65 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் தடிமன் எகிறுவதைக் காட்டினார்கள். என் டிசம்பர் சூரியன் 80 டிகிரியில் இருந்தது. சபையில் நான் அதற்குப் புயல் என்று பெயர் வைத்திருந்தேன்.

"எல்லாப் பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், சராசரி சரியாகத்தான் இருக்கும்" என்று ஒரு சமாதானம் உண்டு. பலமுறை கேட்டிருக்கிறேன், நானே சொல்லியும் இருக்கிறேன். சீரின்மை தடிமனைக் குறைத்துக் காட்டும், சாய்ந்த வெயில் கூட்டிக் காட்டும், நடுவில் எங்கோ இரண்டும் சமன். சமன் ஆகும்தான், ஏதோ ஒரு சூரிய உயரத்தில், ஏதோ ஒரு வகை மேகத்தில். ஆனால் நாங்கள் யாரும் ஒரு எண்ணை மட்டும் கேட்டு நிற்பதில்லை. மாசுக் காற்றில் இருக்கும் மேகத்தையும் தூய காற்றில் இருக்கும் மேகத்தையும் ஒப்பிடுகிறோம், ஜூலையையும் ஜனவரியையும் ஒப்பிடுகிறோம். அப்போது மேகத்தின் வடிவமும் சூரியனும் சேர்ந்தே மாறும், சமன் உடையும்.

துளி ஆரத்தில் இது இன்னும் உறைக்கிறது. நிழல் விழுந்த இடம் 2.1 மைக்ரோமீட்டரிலும் மங்கல், வாய்ப்பாடு அதைப் பெரிய துளி என்று படிக்கும். வெயில் பக்கத்தில் எதிர்த்திசையில் நடக்கும், ஆனால் அதே அளவுக்கு அல்ல. ஆகவே கூட்டினால் துளி பெரிதாகவே வரும். 2008-இல் சிலி, பெரு கடலுக்கு மேல் விமானங்கள் மேகத்துக்குள் புகுந்து துளிகளை நேராக அளந்தபோது, மோடிஸ் சொன்ன ஆரம் 15-லிருந்து 20 சதவீதம் அதிகம் என்று பெய்ன்மாலும் ஸூய்டெமாவும் கண்டார்கள். அதற்கு சீரின்மை மட்டும் காரணமில்லை, அங்கே மேகங்கள் மற்ற இடங்களைவிடச் சீரானவை. இருந்தும் இந்த 15 சதவீதம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை துளி என்று கணக்கிடும் சூத்திரத்தில் ஆரம் இரண்டரை மடியாக வகுக்கிறது. ஆரம் 15 சதவீதம் கூடினால் துளிகளின் எண்ணிக்கை 30 சதவீதம் குறைந்துவிடும். புகையும் தூசும் மேகத்துளிகளைப் பெருக்கி, மேகத்தை வெளுப்பாக்கி, புவி சூடாவதை எவ்வளவு மறைத்துக்கொண்டிருக்கிறது என்ற கேள்விக்கு நாம் தேடும் எண் இந்த எண்ணிக்கைதான்.

ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். பூமி மொத்தமாக எவ்வளவு வெயிலைத் திருப்புகிறது என்ற கணக்கு இதில் மாட்டவில்லை. செரெஸ் கருவி தட்டை மேகத்தை நம்புவதில்லை. பல கோணங்களில் நிஜமாகவே அளந்து சேர்த்த பட்டியலை வைத்து ஒளியை ஆற்றலாக மாற்றுகிறது. ஒரு சதுர மீட்டரில் விழும் சுமார் 340 வாட்டில் 100 வாட் அளவுக்குத் திரும்பிப் போகிறது என்பதை நம்பலாம். தள்ளாடுவது, அந்த 100 வாட்டுக்கு எந்த மேகம், எவ்வளவு தண்ணீர், எத்தனை துளி காரணம் என்ற விளக்கம்தான்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு அவசரமும் உண்டு. மோடிஸைச் சுமக்கும் டெர்ரா 1999 டிசம்பரில் போனது. இரண்டு பத்தாண்டு காலம் தினமும் காலை 10.30-க்கு நிலநடுக்கோட்டைக் கடக்கும்படி வைத்திருந்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டு வந்ததால், 2020-க்குப் பிறகு பாதையைச் சரிசெய்வதை நிறுத்திவிட்டார்கள், கடக்கும் நேரம் 9 மணியை நோக்கி நகர்கிறது. நிலநடுக்கோட்டில் 10.30 மணிச் சூரியனுக்கும் 9 மணிச் சூரியனுக்கும் 20 டிகிரிக்கு மேல் சாய்வு வித்தியாசம். 25 வருடத் தொடரை ஒரே கோடாக வரைந்து அதில் ஒரு போக்கைத் தேடுகிற கட்டுரைகள் கட்டாயம் வரும். காலை மேகம் நிஜமாகவே தடிமன், கூடவே சாய்ந்த சூரியனும் தடிமனைக் கூட்டும். என் டிசம்பர் கிராஃப்தான் இது, அளவில் மட்டும் பெரியது.

வழியே இல்லை என்று சொல்லவில்லை. மோடிஸின் ஆறாவது பதிப்புத் தரவிலேயே, ஒவ்வொரு 1 கிலோமீட்டர் பிக்சலுக்குள்ளும் 250 மீட்டர் பிக்சல்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று ஒரு எண் கூடவே வருகிறது. கோப்பைத் திறந்து அந்தப் பத்தியை எடுத்தாலே, எந்த மேகம் தோசைக்கல் இல்லை என்று தெரிந்துவிடும். நான் அந்தக் கருத்தரங்குக்கு முன்னால் அதைத் திறந்ததே இல்லை. அதே டெர்ராவில் இருக்கும் மிஸர் கருவி ஒன்பது கோணங்களில் ஒரே மேகத்தைப் பார்க்கிறது. ஒன்பதுக்கும் ஒரே தடிமன் வராவிட்டால் அங்கே தட்டைக் கணக்கு செல்லாது. 2024 பிப்ரவரியில் ஏவிய பேஸ் செயற்கைக்கோளில், ஒளியின் முனைவாக்கத்தைப் பார்த்துத் துளியை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அந்த அடையாளம் பெரும்பாலும் ஒரே ஒரு மோதலில் உண்டாவதால் நிழலுக்கு அவ்வளவாகப் பயப்படாது. அதே மே மாதம் போன எர்த்கேர், மேகத்தை முப்பரிமாணத்தில் கட்டி, அதிலிருந்து கிளம்ப வேண்டிய ஒளியைக் கணக்கிட்டு, நிஜமாக அளந்த ஒளியோடு ஒப்பிட்டு, 10 வாட்டுக்குள் பொருந்துகிறதா என்று பார்க்கும். விடையைத் திரும்பக் கேள்விக்குள் போட்டுச் சரிபார்க்கும் இந்தப் பழக்கத்தை முப்பது வருடத்துக்கு முன்பே ஆரம்பித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அதற்கான கணினி அப்போது இல்லை என்பதும் உண்மை.

அந்த கிராஃபை மறுபடி போட்டேன். சூரியன் 65 டிகிரிக்கு மேல் சாய்ந்த அளவீடுகளை எல்லாம் எடுத்துவிட்டு, சிதறல் அதிகமான பிக்சல்களையும் தள்ளிவிட்டு. கோடையில் கோடு கொஞ்சம் தழைந்தது, அவ்வளவுதான். அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை புள்ளியே இல்லை. அங்கே குளிர்கால மேகம் நிஜமாகவே தடிமனாக இருக்கலாம், என் புயல் விளக்கமும் சரியாகவே இருக்கலாம். அந்த நாலரை மாதத்தை வெள்ளையாகவே விட்டு வைத்திருக்கிறேன்.